ஸ்டார் டெல்டா மர்சூக்

கல்முனைக்குடியில் மர்சூக் என்று விசாரித்தால் மூன்று பேரைக் காட்டுவார்கள். ஒருவர் மீன் ஏலம் கூறுபவர், ஒருவர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர். மூன்றாமவரைக் கண்டுபிடிக்க 'ஸ்டார் டெல்டா' என்று முன்னால் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கதை அந்த மூன்றாமவருடையது.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையொன்றில் நான்கு வருடம் வேலை பழகிவிட்டு, எழுபத்தொன்பதில் ஊருக்கு வந்தான் மர்சூக். முந்தைய வருடச் சூறாவளி சாய்த்த கம்பங்களையெல்லாம் மறுபடி நட்டு முடித்திருந்த நேரம் அது. சட்டைப் பையில் பேனைக்குப் பதிலாக டெஸ்டர் வைத்திருப்பான். முடி வெட்டப் போனாலும் முடி வெட்டுபவரிடம் மோட்டாரைப் பற்றித்தான் கதைப்பான். மோட்டாருக்குள்ளே மூன்று சுற்று இருக்கிறது, மூன்றின் ஒரு முனையையும் நடுவில் ஒன்றாக முடிச்சுப் போட்டால் ஸ்டார், ஒன்றின் வாலை மற்றதன் தலையில் கட்டி முக்கோணமாக்கினால் டெல்டா என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் பாதித் தலை வெட்டியபடியே கிடக்கும்.

சந்தைக்குப் பின்னால் கடை திறந்தபோது பலகையில் 'ஸ்டார் டெல்டா' என்று பெரிதாகவும் 'மோட்டார் வைண்டிங்' என்று சின்னதாகவும் எழுதுவித்தான். அங்கேதான் பிழையாய்ப் போனது. அந்த நாளில் ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போகும் யோசனையில் இருந்தார்கள். ஆங்கிலப் பெயரோடு புதிதாக ஒரு பலகை தொங்கினால் அது சவூதிக்கு ஆள் அனுப்பும் இடம் என்றே அர்த்தம். திறந்து மூன்றாம் நாள் நிந்தவூரிலிருந்து ஒருவர் பாஸ்போட்டோடு வந்து உட்கார்ந்தார். மர்சூக் அவருக்குக் கால் மணித்தியாலம் ஸ்டாரையும் டெல்டாவையும் வித்தியாசப்படுத்தி விளக்கினான். அவர் மிகக் கவனமாகக் கேட்டார்.

"சரி தம்பி, எல்லாம் வெளங்குது. ரெண்டுலயும் சம்பளம் கூட எது?"

அன்றிலிருந்து அவன் பெயர் ஸ்டார் டெல்டா மர்சூக்.

அவனுடைய முதல் பெரிய வாடிக்கையாளர் ஸைனுலாப்தீன் ஹாஜியார். கடற்கரை வீதியில் நெல்லு மில் வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் பொறுமை என்பது அவருக்கு வாய்க்கவில்லை. மில் மோட்டாரைக் கிளப்புவதற்கு ஒரு கைப்பிடி இருந்தது. மேலே தள்ளினால் ஸ்டார். மோட்டார் மெதுவாகச் சுழன்று வேகம் பிடித்த பிறகு கீழே இழுத்தால் டெல்டா. ஹாஜியார் மேலே தள்ளிய கையை எடுக்காமலே கீழே இழுத்துவிடுவார். மோட்டார் துள்ளும், ஊரில் பல்ப் எல்லாம் ஒருதரம் கண் சிமிட்டும். ஒருநாள் பெல்ட் கழன்று பறந்துபோய்த் தவிட்டுக் குவியலில் விழுந்து, தவிடு ஹாஜியாரின் தாடியில் வந்து விழுந்தது. மர்சூக்கைக் கூப்பிட்டார்கள்.

"ஹாஜியார், டெல்டாவுல ஒவ்வொரு சுத்துக்கும் நானூறு வோல்ட்டும் முழுசா விழுது. ஸ்டாருல அதே சுத்துக்கு இருநூத்தி முப்பதுதான். லைனுல இழுக்கிற கரண்டும் மூண்டுல ஒரு பங்குதான். அதால ஸ்டாருல எழுப்பி, மறுகா டெல்டாவுக்கு மாத்தோணும். நித்திரையால எழும்பினவனுக்கு ஒடனே நெல்லு மூட்டையத் தூக்கிக் குடுப்பயளா?"

"எங்கட மில்லுல அப்பிடித்தான் குடுக்கிற," என்றார் ஹாஜியார்.

கடைசியில் மர்சூக் ஒரு வழி சொன்னான். கைப்பிடியை மேலே தள்ளியதும் மூன்று ஸலவாத்து ஓத வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டும். ஹாஜியார் ஓதும் வேகத்தைப் பார்த்துவிட்டு மூன்றை ஏழாக்கினான். பெல்ட் அதன்பிறகு கழலவில்லை.

அந்த நம்பிக்கையில்தான் ஹாஜியார் வீட்டு வேலையையும் அவனிடம் கொடுத்தார். ஹாஜியாருக்கு மூன்று பெண்மக்கள். நம் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதால், மில்லுக்குப் பின்னாலுள்ள ஒரே வளவில் மூன்று கல்வீடு கட்டியிருந்தார். முதல் வீட்டில் மூத்தவள் றாஹிலாவும் அவள் கணவர் சாலிஹ் மாஸ்டரும். இரண்டாவதில் நஸீறாவும் துணிக்கடைக் காலிதீனும். மூன்றாவது வீடு கடைக்குட்டி ஹாஜறாவுக்கு. அவளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையாததால் வீடு பூட்டியே கிடந்தது. மஃரிபு நேரம் ஒரு வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாதென்று விறாந்தையில் ஒரேயொரு பல்பை மட்டும் போடுவார்கள். ஹாஜியாரும் மனைவி சல்மா உம்மாவும் ஹாஜறாவும் மில்லை ஒட்டிய பழைய வீட்டிலேயே இருந்தார்கள்.

மர்சூக் மில்லிலிருந்து நான்கு வயர் இழுத்தான். மூன்று உயிர் வயர், ஒரு நியூட்ரல். வளவின் நடுச்சுவரில் ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு உயிர் வயராகப் பிரித்தான். நியூட்ரல் மூன்று வீட்டுக்கும் பொது. மூன்று வீடும் சேர்ந்து ஒரு ஸ்டார்.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக எரிந்தது. எண்பத்தோராம் ஆண்டு மாரி முடிந்த கையோடு கூத்துத் தொடங்கியது.

சாலிஹ் மாஸ்டர் களிசானில் மடிப்பு நிற்காவிட்டால் பள்ளிக்கூடம் போகமாட்டார். அவருடைய அயன் சூடேற மறுத்தது. முந்தி ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அரை மணித்தியாலம் அதைக் களிசானின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து பேப்பர் வாசிக்க வேண்டியிருந்தது. அதே நேரம் அடுத்த வீட்டில் காலிதீனின் மேசை ஃபேன் வெறி பிடித்ததுபோல் சுற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் காலிதீன் சற்றே கண்ணயர்ந்திருந்தார். மாஸ்டர் ஜிப்பாவுக்கு அயன் போடத் தொடங்கினார். ஃபேன் நடுங்கி நடுங்கி மேசை விளிம்புக்கு நடந்துவந்து, காலிதீனின் வயிற்றில் குதித்தது.

நஸீறாவுக்கும் குறை இருந்தது. குவைத்திலிருந்து வந்த கரண்ட் கேத்திலைப் போட்டால் தண்ணீர் கொதிக்காது, வீட்டு லைட்டும் மங்கிப்போகும். ஆனால் அந்த நேரம் பார்த்து ராத்தா றாஹிலாவின் வீட்டு லைட் பளிச்சென்று எரியும். இதற்கு ஒரேயொரு காரணம்தான் இருக்க முடியும் என்று நஸீறா முடிவுகட்டினாள்.

"ராத்தா, எங்கட கரண்ட நீங்க இழுக்கிறயள்."

"நானா? ஒங்கட ஃபேன் எங்கட கரண்டுலதான் புள்ள பறக்குது! என்ட மனிசன் சுருங்கின களிசானோட பள்ளிக்கூடம் போறார், ஒன்ட மனிசன் காத்து வாங்குறார்."

"அந்தக் காத்துதான் அவர்ட வயித்துல விழுந்த!"

கரண்டில் தொடங்கியது, பழைய சங்கதிகளுக்குத் தாவியது. யாருக்குப் பெரிய வீடு, யாருடைய வீட்டுக்கு வாப்பா நல்ல ஓடு போட்டார், சின்ன வயதில் யார் யாருடைய பாவாடையைக் கிழித்தது என்றெல்லாம் வந்தது. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைப்பதை விட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சல்மா உம்மாதான் இங்கிருந்து அங்கே கொண்டுபோக வேண்டும். ஹாஜியார் எதையும் நம்பவில்லை. அவருடைய பழைய வீட்டுக்கு லைன் நேரே மில்லிலிருந்து போனது. "என்ட வீட்டுல லைட் நல்லாத்தானே எரியுது. மில்லும் ஓடுது. ஒங்கட மூளையிலதான் கரண்ட் இல்ல," என்றார்.

மூன்றாவது வீட்டு விறாந்தை பல்ப் மட்டும் யாருக்கும் இல்லாத வெளிச்சத்தோடு எரிந்தது. வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஹாஜியார் கடைசி மகளுக்கு இருநூறு வோட்ஸ் பல்ப் போட்டிருக்கிறார் என்று ஊரில் பேச்சு. அது வெறும் நாற்பதுதான். மூன்று நாளைக்கு ஒருதரம் படீரென்று போய்விடும், சல்மா உம்மா இன்னொன்று மாட்டுவார்.

அந்த வெளிச்சத்தின் கீர்த்தி அக்கரைப்பற்று வரை போய், அங்கிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாயும் இரண்டு மாமிமாரும் வீடு பார்க்க வந்தார்கள். ஹாஜியார் மூன்றாவது வீட்டின் ஆறு அறையிலும் புதுப் பல்ப் மாட்டுவித்தார். மஃரிபு ஆனதும் வந்தவர்களை நடு அறையில் இருத்தி வட்டிலப்பம் வைத்தார்கள்.

சாலிஹ் மாஸ்டர் அன்று பள்ளிக்கூடக் கூட்டம் முடிந்து பிந்தித்தான் வந்தார். சம்பந்தக்காரர் முன்னால் கசங்கின சட்டையோடு போகலாமா? அயனைச் செருகினார். நஸீறா விருந்தாளிகளின் தேயிலைக்குக் கேத்திலைப் போட்டாள்.

"மாஷா அல்லாஹ், என்ன வெளிச்சம்!" என்றார் மாப்பிள்ளையின் தாய், கையால் கண்ணை மறைத்துக்கொண்டு.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, குசினி பல்ப் வெடித்தது. பிறகு விறாந்தை. பிறகு ஒவ்வொரு அறையாக வெடித்து வந்து, கடைசி பல்ப் நடு அறையில் வெடித்து வட்டிலப்பத்தில் கண்ணாடி தூவியது. இருட்டில் ஒரு மாமி உரத்துச் சொன்னார்:

"இந்த ஊட்டுல ஆரோ குடியிரிக்காங்க!"

வந்தவர்களின் கார் போன திசையையே ஹாஜியார் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாஜறா அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள் என்று சல்மா உம்மா பின்னொருநாள் சொன்னார். அந்த மாப்பிள்ளைக்கு நாற்பது வயது.

மறுநாள் ஹாஜியார் கரண்ட் கந்தோரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தார். அவர் மில் போர்டைச் சோதித்து, "எங்கட பக்கம் எல்லாம் சரி ஹாஜியார்," என்று சொல்லிவிட்டுத் தேயிலை குடித்துப் போனார். அதற்குப் பிறகுதான் மர்சூக்கைக் கூப்பிட்டார்கள்.

வளவில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். றாஹிலா நஸீறாவைக் காட்டினாள், நஸீறா றாஹிலாவைக் காட்டினாள், காலிதீன் வயிற்றைக் காட்டினார். மர்சூக்குக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. அப்போது பழைய வீட்டு யன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாலிஹ் மச்சான் அயன் போடக்குள்ள எங்கட பல்ப் வெளிச்சம் கூடும். நஸீறா ராத்தா கேத்தில் போட்டாலும் கூடும். ரெண்டு பேரும் ஒண்டாப் போட்டாத்தான் வெடிக்கும். ஆரு கூடப் பாவிக்கிறாங்களோ அவங்கட ஊட்டுலதான் மங்கும். பதினொரு நாளா நான் பாத்துக்கொண்டு இரிக்கன்."

ஹாஜறாவின் குரல் அது. மர்சூக்குக்குக் காது சூடானது. கேட்ட உடனேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நியூட்ரல் கழன்றிருக்கிறது. அந்த நியூட்ரலைப் பூட்டியது யார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"ஹாஜியார், இவங்க ஆரும் ஆர்ட கரண்டயும் களவெடுக்கல்ல," என்று இழுத்தான். "நியூட்ரல் லூஸ்."

"அது லூஸானா என்ட மருமகன்ட அயன், மத்த மருமகன்ட வயித்துல ஏன் ஃபேனத் தள்ளுது?"

நியாயமான கேள்விதான். மர்சூக் கடைக்கு ஓடிப்போய்ப் பழைய டியூப்களோடு திரும்பினான். வளவின் நடுவில் அலவாங்கை, கடப்பாரையை, நட்டு, அதில் ஒரு இரும்பு வளையத்தைக் கட்டினான். வளையத்திலிருந்து மூன்று ரப்பர். சாலிஹ் மாஸ்டர் கையில் லொறி டியூப் துண்டு, காலிதீன் கையில் சைக்கிள் டியூப், ஹாஜியார் கையில் சைக்கிள் டியூபிலிருந்து கத்தரித்த ஒரு விரல் அகலக் கீற்று. மூவரையும் மூன்று மூலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான்.

"இது ஸ்டார். வளையம்தான் நடு முடிச்சு. அலவாங்குதான் நியூட்ரல். மாஸ்டர்ட லொறி டியூப் அயன், ஹாஜியார்ட கீத்து ஒத்தப் பல்ப். ரப்பர் எவ்வளவு இழுபடுதோ அதுதான் அந்த ஊட்டு வோல்ட். இப்ப ஆராவது ஆரையாவது இழுக்கிறாங்களா?"

"இல்ல," என்றார்கள் மூவரும். அலவாங்கு அசையாமல் நின்றதால் ஒருவர் ரப்பருக்கும் மற்றவர் ரப்பருக்கும் சம்பந்தமே இல்லை.

"இடத்த விட்டு அசையாதீங்க. நியூட்ரலக் கழட்டுறன்."

அலவாங்கைப் பிடுங்கினான். வளையம் நேரே சாலிஹ் மாஸ்டரை நோக்கிப் பாய்ந்தது. லொறி டியூப் தொய்ந்தது, காலிதீனின் டியூப் நீண்டது, ஹாஜியாரின் கீற்று நூலாக இழுபட்டது. "பாத்தயளா, மாஸ்டர்ட வோல்ட் குறைஞ்சிட்டு, மத்தவங்கட..." என்று மர்சூக் தொடங்கும்போது கீற்று அறுந்தது. அறுந்த முனை ஹாஜியாரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. ஹாஜியார் பின்னால் சரிந்து, காயப்போட்டிருந்த புழுங்கல் நெல்லில் உட்கார்ந்தார்.

யன்னல் திரை குலுங்கியது.

"வாப்பா," என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது குரல், "இப்ப அறுந்ததுதான் எங்கட பல்பா?"

"ஓம்," என்றான் மர்சூக் யன்னலைப் பார்த்து.

ஹாஜியார் நெல்லிலிருந்து எழும்பவில்லை. அங்கிருந்தபடியே கேட்டார். "அப்ப என்ட மில் மோட்டார் ஏன் ஆடல்ல? அதுவும் இந்த லைன்தானே?"

"அது ஓடுறது டெல்டாவுல ஹாஜியார்." மர்சூக் ஹாஜியாரின் இடத்தில் போய்த் தானே நின்றுகொண்டான். வளையத்தைத் தூர வீசிவிட்டு, மாஸ்டருக்கும் காலிதீனுக்கும் நடுவில் ஒரு டியூப், காலிதீனுக்கும் தனக்கும் ஒன்று, தனக்கும் மாஸ்டருக்கும் ஒன்று என்று பிடிக்கச் செய்தான். "இதுல நடு முடிச்சே இல்ல. அதால நியூட்ரலும் தேவல்ல, கழர்றதுக்கும் ஒண்டுமில்ல. ஆளுக்காள் நேர பிடிக்கிறாங்க. ஆனா இதுல ஒவ்வொண்டுக்கும் முழு நானூறும் விழும். மோட்டார் தாங்கும், ஊட்டு பல்ப் தாங்காது. ஊட்டுக்கு ஸ்டார்தான் வேணும், நியூட்ரலோட."

மூன்று ஆண்கள் நடுவளவில் டியூபைப் பிடித்துக்கொண்டு முக்கோணமாக நிற்பதைச் சல்மா உம்மா வாயில் வெற்றிலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் ஒவ்வொருவராக எண்ணியதுபோல் இருந்தது.

பிறகு சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தார்கள். மூன்று உயிர் வயரும் கல்லில் பதித்ததுபோல் இறுகியிருந்தன. நியூட்ரல் ஸ்குருவை மர்சூக் விரலால் தொட்டான், அது சுழன்றது. மில்லின் அதிர்வில் ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இளகியிருக்கிறது.

"இதப் பூட்டினது ஆரு?" என்றார் ஹாஜியார், நெல் மணிகளைச் சாரனிலிருந்து தட்டிக்கொண்டே.

"சூறாவளியில ஆடியிரிக்கும் ஹாஜியார்."

"சூறாவளி எழுபத்தெட்டுல. நீ வயர் இழுத்தது எம்பதுல."

மர்சூக் தரையைப் பார்த்தான். "அண்டைக்குப் பள்ளியில கந்தூரி," என்றான். "மூண்டு ஸ்குருவ இறுக்கிட்டன். நாலாவது இறுக்கக்குள்ள மாட்டிறைச்சிக் கறி வாசம் வந்த. திண்டுட்டு வந்து இறுக்குவம் எண்டு போனன். திண்ட பிறகு நித்திரை வந்துட்டு."

ஹாஜியார் அவனை ஏசுவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் கந்தூரியைக் கொடுத்தது அவர்தான், கறி நன்றாயிருந்தது என்று இவன் சாட்சி சொல்கிறான் என்பது நினைவு வந்து, "இறுக்கித் துலை," என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மர்சூக் இறுக்கினான். இரண்டாம் தரமும் இறுக்கினான். காலிதீன் ஒருதரம், சாலிஹ் மாஸ்டர் ஒருதரம் இறுக்கிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை சாலிஹ் மாஸ்டர் வழக்கம்போல் அயனைக் களிசானின் மேல் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். முதலாம் பக்கத்தைத் தாண்டவில்லை, வீடு புகைந்தது. களிசானில் அயனின் அளவுக்கு ஒரு ஓட்டை. மற்றக் களிசான் தோய்க்கப் போட்டிருந்ததால் மாஸ்டர் அன்று சாரன் உடுத்து, சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார். கண்ட நஸீறா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். றாஹிலா கோபத்தோடுதான் வெளியே வந்தாள், ஆனால் ஓட்டைக் களிசானைத் தூக்கிக் காட்டும்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இஞ்ச பாரு புள்ள, யன்னல் மாதிரி!"

"உள்ளுக்கால என்ட ஊடு தெரியுது ராத்தா!"

ராத்தாவும் தங்கச்சியும் மறுபடி கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சல்மா உம்மா தூது போகும் வேலையிலிருந்து விடுபட்டார் என்றுதான் நினைத்தார். அடுத்த கிழமை ஹாஜறா அவரை மர்சூக்கின் கடைக்கு அனுப்பினாள், வீட்டு அயனைத் திருத்துகிற சாக்கில்.

"மகன், இவள் ஒண்டு கேக்கச் சொன்ன. டெல்டாவுல ஓடிக்கொண்டு இரிக்கக்குள்ள, வாற லைன் ஒண்டு அறுந்தா என்ன நடக்குமாம்?"

மர்சூக் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தான். யாரும் அவனிடம் இதுவரை இப்படியொரு கேள்வி கேட்டதில்லை. "உறுமிக்கொண்டு ஓடும் எண்டு சொல்லுங்க உம்மா. ஆனா சூடாகும். நிண்டுட்டா மறுகா தானாக் கிளம்பாது. கவனிக்காம விட்டா எரிஞ்சி போகும்."

சல்மா உம்மா வழியெல்லாம் அதை மனனம் செய்துகொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "ஸ்டாருல ஏன் நானூற ரெண்டாப் பிரிக்காம இருநூத்தி முப்பது எண்டு வருதாம்? இருநூறுதானே வரோணும் எண்டு கேக்காள்."

இதற்கு மர்சூக் ஒரு முழுக் கடுதாசியில் முக்கோணம் வரைந்து, மூன்றின் வர்க்கமூலத்தைப் போட்டு, மடித்துக் கொடுத்தான். கடுதாசி என்றதும் சல்மா உம்மாவின் முகம் மாறியது. வழியில் பிரித்துப் பார்த்தார். ஒரு முக்கோணமும் கொஞ்சம் எண்களும்தான் இருந்தன. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரகசிய எழுத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று முடிவுசெய்தார்.

மூன்றாவது தூதிலிருந்து திரும்பிய அன்று, வெயிலில் நடந்து கால் வீங்கி, மில்லுக்குள்ளே நேரே போனார். ஹாஜியார் கைப்பிடியை மேலே தள்ளி, ஓதிக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, கேளுங்க. அவன் உறுமுவானாம், சூடாகுவானாம், கவனிக்காம விட்டா எரிஞ்சி போவானாம். இவள் அதக் கேட்டுச் சிரிக்காள். எனக்கு இனி நடக்கேலா. ரெண்டையும் ஒரு ஊட்டுல போட்டுடுங்க, என்னத்தையும் நேருக்கு நேர கதைக்கட்டும்."

ஹாஜியாருக்கு இதைவிடப் பெரிய மாப்பிள்ளையெல்லாம் மனதில் இருந்தது உண்மை. ஆனால் வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள் என்ற கதை அதற்குள் பொத்துவில் வரை போயிருந்தது. அது நியூட்ரல் என்று நம்புகிற மாப்பிள்ளை கரையோரம் முழுக்க ஒருவன்தான் இருந்தான்.

எண்பத்திரண்டு றஜப் மாதத்தில் நிக்காஹ் நடந்தது. மூன்றாவது வீட்டில் குடியேறிய முதல் வாரமே ஹாஜறா புதுக் கேத்தில் ஒன்று கேட்டாள். மர்சூக் வாங்கிக்கொடுத்தான். தண்ணீர் நன்றாகக் கொதித்தது. தேயிலையில்தான் சீனி கூடிப்போயிருந்தது, அதை அவன் சொல்லவில்லை.